அக்காவுக்கு வைத்த சாமந்தி

ரோட்ஸ்லார்,
கல்லறைத் திருநாளுக்கு அடுத்த வாரம், வியாழன் பிற்பகல்

அன்பு மகள் வேர்லேவுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே கூரை ஒழுகவில்லை, அடுப்பு எரிகிறது, என் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. அங்கே நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் மாதாவிடம் உங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வருகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் பேசும்போது உன் அப்பா பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார், அவரைப் பற்றி அவர் காதில் விழும்படி பேச என்னால் ஆகாது. இப்போது கோயில் பங்கு மண்டபத்தில் சீட்டாடப் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் முடித்துவிடவேண்டும். நீயும் இதைத் தனியாக உட்கார்ந்து படி, மாப்பிள்ளைக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். ஊர் விஷயம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, மழைதான். ரொட்டிக்கடை மகன் கைக்கு வந்த பிறகு ரொட்டி சிறுத்துவிட்டது, இல்லவே இல்லை என்று சாதிக்கிறான், வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். புதுச் சாமியார் பூசையைச் சீக்கிரம் முடிக்கிறார், அவருக்கு வேறெங்கோ அவசரம் இருக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா நடிக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ சிரிக்காதே. போன குளிர்காலத்தில் ஒருநாள் சமையலுக்கு நின்றுகொண்டு, “ஏங்க, ரெண்டு பல்லு பூண்டு உரிச்சுக் குடுங்க” என்றேன். “பூண்டுன்னா என்ன?” என்றார். வேலைக்குச் சோம்பல்பட்டு விளையாடுகிறார் என்று பூண்டை எடுத்துக் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஓ, இதுக்குப் பேரு இருக்கா?” என்றார். அதிலிருந்து ஒவ்வொன்றாகப் போனது. தோட்டத்துக்கு வருகிறதெல்லாம் வெறும் பறவை. வேலியோரம் வருகிற முள்ளெலியை நாய்க்குட்டி மாதிரி ஒண்ணு என்கிறார். ஆனால் வேர்லே, நேற்று யார் வந்தது, என்ன பேசினது, சாவி எங்கே, உன் பிள்ளைகளுக்கு எப்போது பிறந்தநாள், எல்லாம் அப்படியே இருக்கிறது. ரயில்வேயில் சிக்னல் பார்த்த காலத்து நேர அட்டவணையை இன்றைக்கும் ஒப்பிப்பார். சீட்டில் கூட ஆடுகிற கீடோவை ஒவ்வொரு வாரமும் அழவைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்குப் பக்கத்தில் நின்று வாசகம் வாசிக்கிறாரே, ஒரு எழுத்து தடுக்காது, உன் அப்பாவைப்போல வாசிக்க இந்தப் பங்கில் ஆளில்லை என்று சாமியாரே சொன்னார். நான் கணக்கு எழுதி வளர்ந்தவள். ஒரு பக்கம் கூட்டினால் மறுபக்கத்தோடு ஒத்துவர வேண்டும். நேர அட்டவணை ஞாபகம் இருக்கிற மனிதருக்குப் பூண்டு ஞாபகம் இல்லை என்றால் அந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. மறதி என்றால் எல்லாம் மறக்கவேண்டும், வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை மறக்கிறது என்ன மறதி?

அதனால் அவரைச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தேன். கடைவீதியில் லீக்ஸ் வாங்கிவாருங்கள் என்று அனுப்பிவிட்டுப் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கடைக்காரியிடம் கையைக் காட்டி, “அந்த நீளமானது, பச்சையும் வெள்ளையுமா இருக்கே, அது” என்று சரியாக வாங்கினார். பார்த்தாயா, தெரிந்துகொண்டே தெரியாததுபோல் இருக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. இன்னொருநாள் ஜன்னலிலிருந்து, “குளத்தாண்ட நாரை வந்து நிக்குது!” என்று கத்தினேன். அந்தத் தங்கமீன்களை அவர் எப்படி வளர்த்தார் என்று உனக்குத் தெரியும், முன்பெல்லாம் நாரை என்றால் செருப்புக்கூடப் போடாமல் ஓடுவார். அன்றைக்குப் பேப்பரை மடித்துக்கொண்டு, “நாரைன்னா?” என்று என்னைக் கேட்டார். நான் ஓடிப் போவதற்குள் பெரிய மீன் போய்விட்டது. அதற்கும் நான் ஒரு காரணம் கண்டுபிடித்தேன், என்மேல் இருக்கிற கோபத்தில் மீனையே பலி கொடுத்துவிட்டார் என்று. அவ்வளவு தூரத்துக்கு என் புத்தி போயிருந்தது.

லூவன் ஆஸ்பத்திரிக்குப் போனது உனக்குத் தெரியும். நீ எனக்குத் தெரியாமல் நம் ஊர் டாக்டருக்குப் போன் செய்து சொல்லித்தான் அவர் அங்கே அனுப்பினார் என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு, அதை அப்புறம் பேசிக்கொள்வோம். அங்கே நடந்ததை நான் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. டாக்டர் ஸ்மேட்ஸ் என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். படம் படமாகக் காட்டினாள். அன்னம், ஒட்டகம், வாத்தியக்கருவி என்று. ஒட்டகத்தைப் பார்த்து உன் அப்பா குதிரை என்றார். இதிலென்ன, எங்கள் ஊரில் ஒட்டகத்தை வைத்து யார் ஏர் ஓட்டுகிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் மேலே ஒரு காரட், கீழே ஒரு முயலும் ஒரு பூனையும் இருக்கிற படத்தைக் காட்டி, காரட்டோடு எது சேரும் என்று கேட்டாள். பூனையைத் தொட்டார். வெளியே வந்ததும், “ஏங்க, பூனைக்கா காரட் போடுவீங்க? மானத்தை வாங்கிட்டீங்களே” என்றேன். “ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. பூனை கொஞ்சம் அழகா இருந்துது” என்றார்.

டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னாள், நினைவு போகிற நோய் இல்லையம்மா, அர்த்தம் போகிற நோய் என்று. பூண்டு என்கிற சொல்லைக் கேட்டதும் நமக்கு அதன் வாசனை மூளையில் ஓரிடத்திலிருந்தும், வெள்ளை நிறம் இன்னோரிடத்திலிருந்தும், உரித்த விரலின் பழக்கம் வேறோரிடத்திலிருந்தும் வருகிறதாம். இவையெல்லாம் வந்து முடிச்சுப்போட்டுக்கொள்கிற ஓரிடம் காதுக்கு முன்னால் நெற்றிப்பொட்டுக்கு உள்ளே மூளையின் நுனியில் இருக்கிறதாம். அவருக்கு அந்த நுனி, இடப்பக்கம் அதிகமாக, சுருங்கி வருகிறதாம். அப்படியானால் எப்படி வாசகம் வாசிக்கிறார் என்று மடக்கினேன். எழுத்தைச் சத்தமாக்குகிற வழி வேறு, சத்தத்துக்கு அர்த்தம் சேர்க்கிற வழி வேறு, முதல் வழி அவருக்குத் திறந்துதான் இருக்கிறது என்றாள். நான் நூலகத்தில் மூளையைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்துவந்து அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன், அவள் சொன்னதுதான் அதிலும் இருக்கிறது. எனக்குப் புரிந்த மட்டில் சொன்னால், ஜெபமாலையில் எல்லா மணிகளும் வந்து சேர்கிற பதக்கம் இருக்கிறதே, அது தேய்ந்துபோனதுபோல. மணிகள் கொஞ்சநாள் இருக்கும், மாலையாக இருக்காது. மருந்து இருக்கிறதா என்றேன். நிறுத்துகிற மருந்து இல்லை என்றாள். உடனே, எங்கள் ஆராய்ச்சிக்கு உங்களைப்போல நன்றாக இருக்கிறவர்களும் வேண்டும், உங்கள் கணவரும் நீங்களும் ஒரே வீட்டில் ஒரே சொற்களோடு வாழ்ந்தவர்கள், இரண்டு பேருமே வந்து மூளையைப் படம் பிடிக்கிற இயந்திரத்துக்குள் படுத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றாள் பார். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பெரிய இயந்திரம் வாங்கிவிட்டார்கள், படுக்க ஆள் பிடிக்கிறார்கள், அதற்காக இல்லாத நோயைச் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. உன் அல்ஃபோன்சின் அத்தை கேட்டதற்குக்கூடக் காது பரிசோதனை என்றுதான் சொன்னேன்.

அத்தைக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனதைச் சொன்னேன் அல்லவா. அதற்கு முன்பு, செப்டம்பரில், ஊர்த் திருவிழா விருந்தில் ஒரு சண்டை. அத்தை உலர்ந்த பிளம்ஸ் போட்டு முயல்கறி சமைத்திருந்தாள். உன் அப்பா நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, முயல் என்றால் என்ன என்று கேட்டார். அத்தை விடுவாளா? “மூணு தடவை போட்டுத் தின்னுட்டு முயல்னா என்னன்னு கேக்கிறான் பாரு! டேய், அடுத்து உன் பேரு என்னன்னு கேப்பியா? ரயில்வேக்காரனுக்கு மண்டையில வண்டியெல்லாம் தடம் புரண்டுபோச்சுடா” என்றாள். மேஜையே சிரித்தது. அவர் முகம் சுண்டிப்போய்விட்டது, காப்பி குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். இதை நீ மனதில் வைத்துக்கொள், பின்னால் நடந்ததற்கு எல்லோரும் இதைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

சகல புனிதர்கள் திருநாளுக்கு முந்தின நாள், தாத்தா பாட்டி கல்லறைக்கு வைக்கச் சாமந்தித் தொட்டிகள் வாங்கிவர அவரைச் சந்தைக்கு அனுப்பினேன். ஆஸ்பத்திரியிலிருந்து அன்றுதான் வீட்டுக்கு வந்திருந்த அத்தைக்கு ஒரு அரிசி கேக்கும் செய்து கொடுத்து, போகிற வழியில் கொடுத்துவிட்டு, சண்டையையும் முடித்துக்கொண்டு வாருங்கள் என்றேன். கொஞ்ச நேரத்தில் போன். அத்தையின் சத்தத்தில் நான் ரிசீவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். “கோடலீவ்! உன் புருஷன் எனக்குக் குழி வெட்டிட்டுப் போயிட்டான்! கல்லறைப் பூவைக் கொண்டாந்து என் வாசப்படியில வச்சிட்டு மணி அடிக்கிறான். வெள்ளைச் சாமந்தி! சந்தையிலேயே பெரிய தொட்டி! திறந்து பார்த்தா பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறான், ரிப்பன் வேற கட்டியிருக்கு! நான் இன்னும் சாகலைடா, மூச்சு விடுறேன் பாருன்னு கதவைச் சாத்திட்டேன். எதிர்வீட்டுக்காரி பார்த்துட்டு சிலுவை போட்டுக்கறா!” வேர்லே, இந்த ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைகூட அந்தப் பூவை உயிரோடு இருக்கிறவர் வீட்டுக்குக் கொண்டுபோகாது. அதுவும் வயிற்றில் தையலோடு வந்தவள் வீட்டுக்கு, அந்த வாரத்தில். முயல்கறிக்குப் பழி வாங்கிவிட்டார், இத்தனை நாளும் பூண்டும் நாரையும் தெரியாததுபோல் நடித்ததெல்லாம் இப்படி ஒருநாள் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லத்தான் என்று நினைத்தேன்.

வாசலில் வைத்தே கேட்டேன், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று. “அம்மாவுக்கு வருஷா வருஷம் இருக்கிறதுலேயே அழகானதைத்தானே கொண்டு போறோம்? அக்காவுக்கும் ஒண்ணு கொண்டு போனேன்” என்றார். “அம்மா செத்துப் போயிட்டாங்க, அக்கா உயிரோட இருக்காங்க!” என்று நான் கத்தினேன். “தெரியும். அதனாலதான் ரிப்பன் கட்டினேன்” என்றார்.

உன் அப்பா பொய் சொல்கிற விதம் எனக்குத் தெரியும். கொட்டகையில் திருட்டுத்தனமாகப் புகைபிடித்த காலத்தில், பக்கத்து வீட்டுப் புகைபோக்கி, காற்று அடிக்கிற திசை, ஈர விறகு என்று ஒரு பிரசங்கமே செய்வார். பொய் என்றால் அவருக்கு நீளம். இது நாலே வார்த்தை. கண்ணும் என்னைவிட்டு நகரவில்லை. இருந்தாலும் நான் உடனே நம்பிவிடவில்லை. மறுநாள் கல்லறை மந்திரிப்புக்குப் போனபோது அவர் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், எங்காவது ஒரு கள்ளச் சிரிப்பு வருகிறதா என்று. சுற்றிலும் ஊரே சாமந்தி வைத்திருக்கிறது, மழையில் எல்லாம் தலைசாய்ந்து நிற்கிறது. அவர் தொட்டியை வருஷாவருஷம் வைக்கிற அதே இடத்தில் வைத்தார், தாத்தா பெயரில் ஒட்டியிருந்த இலையைத் துடைத்தார், ஜெபத்தை ஒரு சொல் விடாமல் சொன்னார். கல்லறைக்கு எதிர்ப்பக்கம் அத்தை வந்து நின்றாள். “அக்கா” என்று கூப்பிட்டார். அவள் எதிர்வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். வழி நெடுக ஊர்க்கண் எங்கள் முதுகில். வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்து, “நான் என்ன பண்ணினேன்னு சொல்லு கோடலீவ், திரும்பப் பண்ணமாட்டேன்” என்றார். நான் சொன்னேன். சாமந்தி என்றால் கல்லறை, கல்லறை என்றால் சாவு என்று பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். தலையை ஆட்டினார். ஆனால் முகத்தில் எதுவும் போய் ஒட்டவில்லை, அது எனக்குத் தெரிந்தது. அவருக்கு அது ஒரு வெள்ளைப் பூ, அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு தினமும் காலையில் சைக்கிளில் போய் அத்தை வீட்டு மணியை அடித்துவிட்டு வந்தார். அவள் திறக்கவில்லை. மறந்து தொலைத்திருந்தாலாவது பரவாயில்லை, மறக்கமாட்டாரே, அந்த நோய் அதை விட்டுவைத்திருக்கிறதே. நேற்றும் திறக்கலை, முந்தாநாளும் திறக்கலை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவருக்கு இருக்கிற ஒரே கூடப்பிறந்தவள். இவருக்கு அவள் யார் என்பது தெரிகிற காலத்திலேயே அந்தக் கதவு மூடிக்கிடந்தால் அப்புறம் திறந்து என்ன?

கதவு திறக்கவேண்டும் என்றால் டாக்டர் சொன்னதை நான் அத்தையிடம் சொல்லவேண்டும். சொல்லவேண்டும் என்றால் முதலில் நான் நம்பவேண்டும். திங்கட்கிழமைப் பூசை முடிந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன், எனக்குக் கதவைத் திறந்தாள். சொன்னேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா, இதுவரை நான் சொன்னதையெல்லாம் எனக்கே திருப்பிச் சொன்னாள். “எந்த டாக்டர்? சின்னப் பொண்ணா? அவளுக்கு என்ன தெரியும்? போன வாரம்கூடச் சீட்டுல கீடோவை மண்ணைக் கவ்வ வச்சானாமே, அவனுக்கா மூளை சுருங்கிப்போச்சு? உன்னை ஏமாத்துறான் கோடலீவ், நீயும் நம்பிக்கிட்டு வந்து நிக்கிறே.” நான் அந்த டாக்டர் பெண்ணுக்காக வக்கீல்போல வாதாடுவதை என் காதாலேயே கேட்டேன். வாசனை ஓரிடம், நிறம் ஓரிடம், முடிச்சு ஓரிடம் என்று மேஜைமேல் சர்க்கரைக் கட்டிகளை வைத்துக் காட்டினேன். அவள் அசையவில்லை. கடைசியில் அந்தக் காரட் படத்தைச் சொன்னேன். “பூனை அழகா இருந்துதுன்னா சொன்னான்?” என்றாள். ஆமாம் அண்ணி என்றேன். “சின்ன வயசுல நான் முயல் வளர்த்தேன், தினமும் காரட் திருடிக்கிட்டு வந்து போட்டவன் அவன்தான்” என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். பிறகு, “நாளைக்குக் கூட்டிட்டு வா. ஆனா நான் ஒண்ணும் மன்னிச்சிடலை” என்றாள்.

மறுநாள் போனோம். அந்தத் தொட்டியை அவள் எறியவில்லை, பின்கட்டில் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். மந்திரிக்கிற பூவைக் குப்பையில் போடக் கை வரவில்லையாம். அதைத் தூக்கிவந்து மேஜை நடுவில் வைத்து, “டேய், நல்லாக் கேட்டுக்கோ. இது செத்தவங்களுக்கு வைக்கிற பூ. புரியுதா? செத்தவங்களுக்கு” என்றாள். அவர் பூவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “சரி, அதுவரைக்கும் நீயே வச்சுக்கோ அக்கா” என்றார்.

அத்தை வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள் பார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, தையல் பிரிஞ்சிடும்டா பாவி, நிறுத்துடா” என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவர் சிரிக்கவே இல்லை, அத்தை வைத்த கேக்கை எடுத்துச் சாப்பிட்டார். தெரிந்து கேலி செய்தாரா, தெரியாமல் நிஜமாகவே சொன்னாரா? உன் அப்பா, அந்தப் பழைய மௌரிட்ஸ், அப்படிப் பேசுகிறவர்தான், அதுதான் சிக்கல். இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, அவரைக் கேட்கவுமில்லை. அத்தை தொட்டியைத் தெருப்பக்கத்து ஜன்னலில் வைத்துவிட்டாள். தபால்காரர் பயந்துபோய்க் கதவைத் தட்டி, வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தாராம்.

வருகிற செவ்வாய்க்கிழமை நாங்கள் இரண்டுபேரும் லூவன் போகிறோம். நானும் அந்த இயந்திரத்துக்குள் படுப்பதாகச் சொல்லிவிட்டேன். சாமந்தி என்கிற சொல்லைக் காட்டினால் என் தலைக்குள் கல்லறையும் மழையும் மெழுகுவத்தி வாசனையும் உன் அத்தையின் கூச்சலும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும், அவர் தலைக்குள் ஒரு வெள்ளைப் பூ மட்டும் இருக்கும், பார்த்துக்கொள்ளட்டும். இயந்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. உன் அப்பாமேல்தான் தீர்ந்துவிட்டது. உனக்கு ஒன்று சொல்லவேண்டும், கோபித்துக்கொள்ளாதே. போனில் நீயும் பிள்ளைகளும், தாத்தா இது என்ன சொல்லு, அது என்ன சொல்லு என்று கேட்கிறீர்களே, அதை நிறுத்துங்கள். நல்லதுக்குத்தான் கேட்கிறாய், ஆனால் நானும் நல்லதுக்கு என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரிடம் சும்மா பேசு, என்ன சாப்பிட்டாய், யார் விழுந்தார்கள், யாருக்குப் பல் ஆடுகிறது என்று பேசு. அடுத்த வருஷக் கோடையில் வருவதாகச் சொன்னாய், அதை மாற்றி வரும் ஈஸ்டருக்கே வா. மனிதர்களைப் பற்றிய அர்த்தமும் பின்னால் போகலாம் என்று டாக்டர் சொன்னாள், எப்போது என்றால் சொல்லத் தெரியாது என்கிறாள். இதை நான் பயமுறுத்துவதற்கு எழுதவில்லை, நீ கணக்குப் போட்டுக்கொள்ள எழுதுகிறேன்.

இதோ, அவர் வந்தேவிட்டார். சீட்டில் இன்றைக்கும் ஜெயம். யாருக்கு எழுதுறே என்று கேட்டார், வேர்லேவுக்கு என்றேன், வரச் சொல்லியிருக்கிறேன் என்றும் சொன்னேன். முகம் மலர்ந்துபோய், “வந்தா அவளுக்குப் பிடிச்சதைச் செய்வோம்” என்றார். எது என்று யோசித்து நின்றார். பிறகு வாணலியைப் பிடித்து அப்பத்தை மேலே எறிந்து திருப்பிப் பிடிப்பதுபோல் கையால் காட்டினார். அதற்கு என்ன பேர், சொல்லுங்கள் என்று வழக்கம்போல் என் வாய்வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. சரி, மாவு வாங்கி வைக்கிறேன் என்றேன்.

ஆண்டவர் உன் வீட்டு வாசலையும் உன் பிள்ளைகளின் வழிகளையும் காக்கட்டும், மாதாவின் மேலாடை உங்கள்மேல் இருக்கட்டும். சின்னவனின் இருமலுக்குத் தைம் இலை வேகவைத்த தண்ணீரில் தேன் விட்டுக் கொடு, குளிர்பானம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை, நீயே எழுது. ஈஸ்டருக்கு எந்தத் தேதியில் வருகிறாய் என்பதையும் எழுது.

உன்மேல் உயிரை வைத்திருக்கும்,
அம்மா கோடலீவ்